ட-வுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டை

போர்டு எழுதுவது என் தொழில். இப்போது பாதிக்கு மேல் கணினியிலும் வினைல் ஸ்டிக்கரை எழுத்தாக வெட்டும் பிளாட்டர் இயந்திரத்திலும்தான் ஓடுகிறது, அதனால் இயந்திரத்தைத் திட்ட நான் வரவில்லை. 1980-களில் அது பரவத் தொடங்கியபோது நாள் முழுக்க இழுத்த வேலை சட்டென்று முடிந்தது. தொழில் செய்கிறவர் வாங்காமல் எப்படி இருப்பார்? என் வருத்தம் வேறு. ஒரு கோடுகூடக் கையால் இழுக்காதவர்கள் நேராகக் கணினி முன்னால் உட்காருகிறார்கள். அது போர்டில் தெரிகிறது.

"பட்டறை" என்று எழுதிப் பாருங்கள். ட-வுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, அவ்வளவுதான். வலப்பக்கம் மேலே வெட்டவெளி. எல்லா எழுத்துக்கும் ஒரே இடைவெளி விட்டால் அந்த வெட்டவெளியும் சேர்ந்துகொண்டு "பட்ட" தனியாகவும் "றை" தனியாகவும் நிற்கும். கையால் எழுதுகிறவர் இதை ஸ்கேலில் அளப்பதில்லை. சாக்பீஸால் லேசாகப் போட்டுவிட்டு, பத்தடி பின்னால் போய்க் கண்ணை இடுக்கிப் பார்ப்பார். அப்புறம் வந்து றை-யை அரை விரல் உள்ளே தள்ளுவார்.

அந்தக் கண் பிரஷோடு வருவது. எனாமலில் தோய்த்த தட்டைப் பிரஷை அட்டையில் இரண்டு பக்கமும் தடவி, உளி முனை மாதிரி ஆக்க வேண்டும். மற்றக் கையில் பிடித்த குச்சியில் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு, வளைவு வரும்போது பிரஷின் காம்பை விரல்களுக்கு நடுவே மெல்ல உருட்ட வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டுப்போட்ட இடம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பிரஷை வைக்கும்போதே கோடு எங்கே முடியும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரோமில் உள்ள டிராஜன் தூணின் கல்வெட்டு கி.பி. 113-ஐச் சேர்ந்தது. அதன் எழுத்து நுனிகளில் இருக்கும் சிறு நீட்டல்கள் உளியால் வந்தவை என்றே பலர் நம்பினார்கள். தட்டைத் தூரிகையால் எழுதிய பிறகுதான் செதுக்கியிருக்கிறார்கள் என்று 1968-இல் ஒரு நூல் போட்டு வாதாடியவர் எட்வர்ட் கேட்டிச் என்ற அமெரிக்கப் பாதிரியார். அங்கி அணிவதற்கு முன் அவர் போர்டு எழுதியவர்! கல்லைப் பார்த்ததும் அவருக்குப் பிரஷ் தெரிந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

என்னிடம் பழக வந்திருக்கும் பெண்ணை இரண்டு மாதம் வெறும் கோடும் வளைவும்தான் போட வைத்தேன். சலித்துக்கொண்டாள். சரி என்று போன வாரம் கணினியில் உட்கார வைத்தேன். முதல் சொல்லை அடித்தாள், நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள், ட-வை அடுத்த எழுத்தோடு நெருக்கி வைத்தாள். நான் எதுவும் சொல்லவில்லை.