அறிவுரை வேண்டாம், பக்கத்தில் ஓர் இடம் வேண்டும்

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, "நல்ல வழிகாட்டி எப்படிக் கிடைப்பார்?" என்பது. கிடைத்த பிறகு அவரிடம் என்ன கேட்பது என்பதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மாதம் ஒருமுறை எதிரில் உட்கார்ந்து, "நான் முன்னேற என்ன செய்யணும் சார்?" என்று கேட்டால் அவரும்தான் என்ன செய்வார்? பொறுமையாக இரு, நேரத்தை வீணாக்காதே, நன்றாகப் பேசக் கற்றுக்கொள் என்று எல்லோருக்கும் சொல்வதையே சொல்வார்.

தலைவராக இருப்பதில் பெரும்பகுதி முடிவெடுப்பதுதான். அதுவும் பாதித் தகவலோடு, அவசரத்தில், யாராவது ஒருவர் மனம் நோகும் என்று தெரிந்தே எடுக்க வேண்டியிருக்கும். எடுத்து முடித்த பிறகு எந்த முடிவும் தெளிவாகத்தான் தோன்றும். எவ்வளவு தடுமாறினோம் என்பதை எடுத்தவரே மறந்துவிடுவார். அந்தத் தடுமாற்றம் நடக்கும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் வழிகாட்டியிடம் அறிவுரை கேட்பதைவிட, "அந்த மீட்டிங்கில் நானும் ஓரமாக உட்காரட்டுமா?" என்று கேட்பது நூறு மடங்கு மேல்.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆனால் பத்திரிகையாளர்களைச் சந்தித்துத் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18 அன்று ராக்கெட் வெற்றிகரமாகப் பறந்தபோது, "நீங்கள் போய்ப் பேசுங்கள்" என்று கலாமை அனுப்பிவிட்டார். தவானின் பெருந்தன்மைக்காக இதை எல்லோரும் பகிர்கிறார்கள், சரிதான். நான் பார்ப்பது கலாமை. தோல்வியை எப்படிச் சுமப்பது என்று அவருக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. சுமந்தவரைக் கண்ணெதிரே பார்த்தார். பார்த்ததை வாழ்நாள் முழுவதும் மேடைக்கு மேடை சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு அமைந்த மூத்தவர் ஒருவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. சிக்கலான கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், தன் முடிவைச் சொல்வதற்கு முன், "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்று கேட்பார். நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, தான் என்ன செய்யப்போகிறார், எதை விட்டுக்கொடுக்கிறார், எது தன்னை உறுத்துகிறது என்று சொல்வார். என் பதில் சரியா தவறா என்று தீர்ப்புச் சொன்னதே இல்லை. இன்றைக்கு நான் ஒரு டீமை நடத்துகிறேன் என்றால், அந்த நடைபாதைப் பேச்சுகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். எந்தப் பயிற்சி வகுப்பும் எனக்கு அதில் பாதியைக்கூடத் தரவில்லை.

பக்கத்தில் இருப்பது என்றால் நகலெடுப்பது என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். அவரைப் போலவே பேசுவது, அவருக்குப் பிடிக்காதவர்களைத் தானும் வெறுப்பது. இப்படி ஆனவர்களைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கும். காந்தி, கோகலேயைத் தன் அரசியல் குரு என்றே சொன்னார். 1915இல் இந்தியா திரும்பியபோது, ஓராண்டு நாட்டைச் சுற்றிப் பார், பொது விஷயங்களில் வாயைத் திறக்காதே என்று கோகலே கேட்டுக்கொண்டார். அடுத்த மாதமே கோகலே இறந்துவிட்டார், ஆனாலும் காந்தி அந்த வாக்கை மீறவில்லை. அதே கோகலே, காந்தி 1909இல் எழுதிய இந்திய சுயராஜ்யம் நூலை அவசரத்தில் எழுதிய பக்குவமில்லாத எழுத்து என்றே கருதினார். இந்தியாவில் ஒரு வருடம் இருந்தால் காந்தியே அதை அழித்துவிடுவார் என்றும் சொல்லியிருந்தார். காந்தி அழிக்கவில்லை. 1921இல் கூட, ஒரே ஒரு சொல்லைத் தவிர எதையும் திரும்பப் பெறவில்லை என்று எழுதினார். குரு சொன்னபடி ஊரைப் பார்த்தார். பார்த்து என்ன முடிவுக்கு வருவது என்பதைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். குருவை மதிப்பது என்று நான் நம்புவது இதைத்தான்.

மூத்தவர்கள் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. 1936இல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது காமராஜர் செயலாளர். 1940இல் காமராஜர் தலைவர், சத்தியமூர்த்தி செயலாளர். தான் வளர்த்தவருக்குக் கீழே வேலை செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? பலர் வாய் வலிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள், நாற்காலியை மட்டும் விடமாட்டார்கள். அவர்களிடம் பயிற்சி பெற்றவர்கள் திறமையான உதவியாளர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் இடம் கேட்பது எல்லோருக்கும் எளிதல்ல. மூத்தவர்கள் பெரும்பாலும் தங்களைப் போலவே இருக்கிறவர்களைத்தான் அழைத்துப் போகிறார்கள். கூச்சப்படுகிறவர்கள், வீட்டில் முதன்முதலாகப் படித்து வேலைக்கு வந்தவர்கள், பெண்கள், இவர்களில் பலர் அந்த அறையின் கதவு வரைக்கும்கூட வருவதில்லை. பொறுப்பில் இருப்பவர்கள் இதை அவர்கள் தயக்கம் என்று விட்டுவிடக் கூடாது. அடுத்த சிக்கலான கூட்டத்துக்குப் போகும் முன், இதுவரை உங்களிடம் எதுவுமே கேட்காத ஒருவரை உங்கள் டீமில் தேடுங்கள். அவரைக் கூட்டிப் போங்கள். வெளியே வந்ததும் அவர் என்ன நினைத்தார் என்று கேளுங்கள், பதில் வர நேரமானாலும் காத்திருங்கள்.