நாடா அவிழாத கோப்பு
எங்கள் பல்கலைக்கழகக் காப்புரிமைப் பிரிவுக்கு நாலு மாதமாக நடக்கிறேன், வாழைநார் வடிகட்டி பற்றிய என் கோப்பு அதே மேஜையில் நாடாகூட அவிழாமல் கிடக்கிறது. போனாலே "இதை எந்தக் கம்பெனி சார் வாங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். வாங்க ஆள் தேடுவதுதானே அவர்கள் வேலை! 2021-லிருந்து கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகை உண்டு, தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டால் முழு விவரம் கொடுக்க 12 மாதம் அவகாசமும் இருக்கிறது, அப்புறம் என்ன தயக்கம்? விண்ணப்பம் போடுவதற்குள் கட்டுரையை வெளியிட்டால் புதுமை போய்விடும், காப்புரிமை கிடைக்காது; வெளியிடாவிட்டால் என் மாணவியின் பிஎச்.டி. தள்ளிப்போகும். மூன்று வருடம் ராத்திரி பகலாக ஆய்வகத்தில் கிடந்த பெண் அவள். சரி, அதையாவது சொல்வோம் என்று சொன்னால், "அடுத்த கமிட்டியில் பார்க்கலாம் சார்" என்கிறார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். வயிறு எரிகிறது.