அக்காவின் மிளகாய்த்தூளுக்கு லோகோ எங்கே?

போன வாரம் மதியக் கூட்டத்தில் ஒரு பையன் கல்லாவுக்கு வந்து, "அன்னே, லோகோ ஹலால் அடா தக்?" என்று மலாயில் கேட்டான், ஹலால் சான்றிதழ் லோகோ இருக்கிறதா என்று. என் தலையில் தொப்பி. பின்னால் சுவரில் ஆயத்துல் குர்ஸி என்ற குர்ஆன் வசனம். என் மச்சான் அப்போதுதான் லுஹர் தொழுதுவிட்டு வந்து மடித்த சட்டைக் கையை இறக்கிக்கொண்டிருந்தார். என் தாத்தா கடையநல்லூரிலிருந்து பினாங்குக்கு வந்து, காவடியில் ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் குழம்பு என்று தோளில் சுமந்து விற்றவர். எங்கள் குழம்புச் சோற்றுக்கு நாசி கண்டார் என்ற பெயரே அந்தக் காவடியால் வந்ததுதான். அவரிடம் ஒருவரும் லோகோ கேட்டதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பையன் மேல் தப்பில்லை. இந்த மலேசியாவில் சான்றிதழ் இல்லாமல் நானே என் கடையில் 'ஹலால்' என்று பலகை எழுதி மாட்டினால் 2011 வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். சான்றிதழ் எடுப்பது மட்டும் என் விருப்பம். கட்டாயமில்லை! 2024இல் பன்றியும் மதுவும் விற்காத கடைகளுக்கெல்லாம் கட்டாயமாக்கலாமா என்று பேச்சு எழுந்து நாடே இரண்டுபட்டது, நினைவிருக்கும். கடைசியில் விருப்பம்தான் என்று நின்றது. நல்ல விருப்பம். லோகோ இல்லை என்பதால் இந்த வருடம் எனக்கு இரண்டு கேட்டரிங் ஆர்டர் போயிற்று. வேலை தெரியாதவனிடம் போயிருந்தாலும் பரவாயில்லை, பொட்டலச் சாப்பாடு விற்கிறவனிடம் போயிற்று.

சரி, எடுத்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். கட்டணத்தைப் பார்த்ததும் சிரிப்புகூட வந்தது. சின்னத் தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரிங்கிட் கணக்குதான். இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று மச்சானிடம் சொன்னேன். வாயைக் கழுவ வேண்டும்.

இணையத்தில் 'மைஇஹலால்' தளத்தில் கணக்குத் தொடங்கி, வணிகப் பதிவு, நகராட்சி லைசென்ஸ், கடையின் வரைபடம், டைபாய்டு ஊசி போட்ட அட்டை, உணவு கையாளும் பயிற்சிச் சான்று எல்லாம் ஏற்ற வேண்டும். அதெல்லாம் நியாயம், செய்துவிடலாம். அடுத்து வருகிறது பட்டியல். சமையலறையில் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் பிராண்டு, தயாரித்தவர் பெயர், முகவரி, அதன் ஹலால் சான்றிதழ், அது எந்தத் தேதியில் காலாவதி. எண்ணிப் பார்த்தேன், என் கடையில் 63 பொருள். சோயா சாஸ், மார்ஜரின், கெட்டிப் பால், அப்பளம், பிரியாணிக்குப் போடும் கலர்ப்பொடிவரை. 62க்கு வாங்கி முடிக்கும்போது முதலில் வாங்கியது காலாவதி ஆகிறது. கெட்டிப் பாலைத் துரத்தினால் மார்ஜரின் ஓடுகிறது. இது சமையலா, கிளித்தட்டா?

அப்புறம் வேலையாட்கள். சமையலறையில் முஸ்லிம் ஆட்கள் இருக்க வேண்டும் என்றார்கள். அட, என் கடையில் வேறு யார் இருக்கிறார்கள்? ரொட்டி போடுகிறவர், குழம்பு வைக்கிறவர், கோழி வெட்டுகிறவர், மூவரும் ராமநாதபுரத்துக்காரர்கள். ஐந்து வேளையும் தொழுகிறவர்கள். கணக்கில் வரமாட்டார்கள். மலேசியக் குடியுரிமை உள்ள முஸ்லிமாக இருக்க வேண்டுமாம். உள்ளூர்ப் பிள்ளைகள் அடுப்பு முன்னால் நிற்க வருகிறார்களா? என் மகனே வரமாட்டேன் என்கிறான், கிராப் வண்டி ஓட்டுகிறான்.

ரொட்டிக்கு எண்ணெய் தடவும் பிரஷ் நைலான்தானா என்றும் பார்ப்பார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன், பன்றிமுடி பிரஷ் இருக்கிற ஊர்தான். 2017இல் அதிகாரிகள் ஹார்ட்வேர் கடைகளில் புகுந்து அந்த பிரஷ்களை அள்ளிக்கொண்டு போனார்களே. ஆனால் 2020 டிசம்பரில் ஜொகூர் செனாயில் ஒரு கிடங்கைத் திறந்தபோது என்ன கிடைத்தது? வெளிநாட்டு உறைந்த இறைச்சி, மேலே போலி ஹலால் லோகோ. பெட்டி பெட்டியாக. என் பிரஷை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிற கண்ணுக்கு அந்தப் பெட்டிகள் எப்படித் தப்பின என்று யாராவது சொல்லுங்கள்.

இதற்கு நடுவில் ஆலோசகர் என்று ஒருவர் வந்தார். கோட்டு, வாசனைத் தைலம். கோப்பெல்லாம் தானே தயாரிப்பதாகச் சொல்லி 4,500 ரிங்கிட் கேட்டார். ஏமாந்து பாதியைக் கொடுத்தேன். அவர் கொடுத்த கோப்பில் என் கடை 'மீன் உருண்டைத் தொழிற்சாலை' என்று இருந்தது. யாருக்கோ செய்ததில் பெயரைக்கூட முழுதாக மாற்றவில்லை. போன் போட்டால் எடுப்பதில்லை.

இதையெல்லாம்கூட விடுகிறேன். என்னால் தாங்க முடியாதது மிளகாய்த்தூள். முப்பது வருடமாக எங்கள் கடைக்கு மசாலா அரைத்துத் தருவது கோயில் தெருவில் மில் வைத்திருக்கும் அக்கா. அத்தா காலத்திலிருந்து. மல்லி எவ்வளவு வறுபட வேண்டும் என்று வாசனையிலேயே சொல்வார். என் குழம்பின் ருசி பாதி அவர் கைதான். முழு மல்லிக்கும் முழு மிளகாய்க்கும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், அரைத்துத் தூளானால் காகிதம் வேண்டும். அக்காவிடம் எடுக்கச் சொல்லலாம் என்று போனேன். மில்லுக்குள் நுழைந்ததும் எதிரே முருகன் படம், ஊதுபத்தி, ஒரு சின்ன விளக்கு. பதப்படுத்தும் இடத்துக்குள் வழிபாட்டுப் பொருள் இருக்கக்கூடாது என்பது விதி. அதை நான் என் வாயால் எப்படிச் சொல்வது? அவரே கேட்டார், "என்ன தம்பி, சாமி படத்தை எடுக்கணுமா?" நான் டீயைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

இப்போது பெரிய கம்பெனி பாக்கெட் மசாலா வாங்குகிறேன். லோகோ பளபளவென்று இருக்கிறது. குழம்பில் மரத்தூள் வாசம். பழைய வாடிக்கையாளர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "மாஸ்டர் மாறிட்டாரா பாய்?" என்றார்.

1974இல் வெறும் கடிதமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள், 1994இல் லோகோ வந்தது. பொய்யர்களைத் தடுக்கத்தான் வந்தது, எனக்கும் தெரியும். ஹலாலைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் பெரிய கம்பெனிக்கு இதற்கென்றே ஒரு ஆபீஸ், நாலு பேர். எனக்கு நான், மச்சான், ஒரு பழைய பிரிண்டர். மசாலா அக்காவுக்கு அதுவும் இல்லை.

நாளை மறுநாள் தணிக்கைக்கு வருகிறார்கள். கோப்பில் ஒரே ஓட்டை, ஆட்டிறைச்சிக்காரரின் சான்றிதழ் போன மாதம் முடிந்துவிட்டது. புதியது கைக்கு வந்தாயிற்று, சாயங்காலமே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். மணி பதினொன்றரை. நான் போட்ட மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.