பெரியப்பாவின் காலில் எரிந்த உப்பு

அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் நோட்டை நீட்டி, “மாமா, கலைன்னா என்னன்னு அரைப் பக்கம் எழுதணும், சொல்லுங்க” என்றாள். அரைப் பக்கத்தில் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பதெல்லாம் பெரியப்பாவின் குதிகால் கதை ஒன்றுதான். அதை அவளுக்கு முழுசாகச் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. இங்கே எழுதிவைக்கிறேன்.

2017 பிப்ரவரி. எர்ணாகுளத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போய் ரயில் பிடித்துப் போயிருந்தோம். 2016ல் இரண்டு பருவமழையும் பொய்த்துப்போய், கேரளம் முழுவதையுமே வறட்சி பாதித்த மாநிலம் என்று அரசு அறிவித்திருந்த சமயம் அது. மலையாளக் கரை என்றாலே பச்சை என்று நினைப்பவர்கள், பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் சித்தூர்க் கிழக்குப் பக்கத்தை வந்து பார்க்க வேண்டும். வருஷா வருஷம் ஆழியாற்றுத் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருக்கிற பூமி. அந்த வருஷம் பெரியப்பா தோப்பில் தென்னை மட்டைகள் காய்ந்து தொங்கின. போர்வெல்லில் காற்றுதான் வந்தது.

மதியச் சாப்பாடு முடிந்து ரயிலுக்கு நேரம் இருந்தது. படகில் ஏறி ஃபோர்ட் கொச்சி போய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற கலைக் கண்காட்சியான பினாலேவைப் பார்க்க ஆஸ்பின்வால் ஹவுஸுக்கு அவரைக் கூட்டிப்போனேன். மிளகும் தேங்காயெண்ணெயும் கப்பலேறிய பழைய கம்பெனிக் கட்டிடம். 2012லிருந்து அப்போதெல்லாம் பினாலேவுக்கு அதுதான் முக்கிய இடமாக இருந்தது. ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். இரும்பு, துணி, திரையில் ஓடுகிற வீடியோ எதுவும் அவரை நிறுத்தவில்லை. “என்றா கண்ணு இது, ஒண்ணும் வெளங்கலையே” என்றார் இரண்டு தடவை.

பிறகு அந்தக் கிடங்குக்கு வந்தோம். நீளமான கூடம். உள்ளே தரையே இல்லை, கடல் தண்ணீர். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் இறங்கி நடந்துதான் மறுகோடிக்குப் போக வேண்டும். சுவர்களில் அங்கங்கே தொங்கும் துணிகளில் ஆங்கிலத்தில் ஒரு கவிதையின் வரிகள். செய்தவர் ரவூல் சுரீதா என்ற சீலே நாட்டுக் கவிஞர். படைப்பின் பெயர் ‘வேதனையின் கடல்’.

பெரியப்பா வாசலில் நின்றுவிட்டார். “இத்தன தண்ணிய எதுக்கு இப்படிக் கட்டி வெச்சிருக்காங்க?” அந்த வருஷத்தில் அவர் வாயிலிருந்து வரக்கூடிய கேள்விதான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். கணுக்காலுக்கு மேலே ஏறியது தண்ணீர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. சுவரில் இருந்தவை எல்லாம் கேள்விகள்: கேட்கவில்லையா, பார்க்கவில்லையா, உணரவில்லையா என்று. அவர் எதையும் வாசிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மறுகோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

வெளியே வந்து துண்டால் காலைத் துடைத்தபடி, “இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார்.

எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். 2015 செப்டம்பரில் சிரியாவிலிருந்து தப்பி ஓடிய ஒரு குடும்பம் துருக்கிக் கரையில் படகு கவிழ்ந்து மூழ்கியது. கரையில் முகம் குப்புறக் கிடந்த ஆலன் குர்தி என்ற குழந்தையின் படம் உலகம் முழுக்கப் பரவியது. அதே படகில் அவன் அண்ணன் காலிப்பும் செத்தான், தாயும் செத்தாள். தம்பியின் படத்தைப் பார்த்து உலகமே அழுதது, அண்ணனுக்கு அப்படி ஒரு படம் இல்லை. அந்த அண்ணனுக்காகத்தான் இந்தத் தண்ணீர். செய்த கவிஞரும் கடலோடு கணக்கு உள்ளவர். 1973ல் சீலேயில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த அன்றே அவரைக் கைது செய்து, நூற்றுக்கணக்கானவர்களோடு ஒரு கப்பலின் அடித்தளத்தில் அடைத்துவைத்தார்கள். அந்த ஆட்சி கொன்றவர்களில் பலரைக் கடலில் வீசினார்கள். எல்லாம் சொன்னேன். பெரியப்பா தலையாட்டினார். அவ்வளவுதான்.

ரயில் திரிச்சூர் தாண்டியிருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து அதுவரை பேசாமல் வந்தவர் சொன்னார்:

“அது உப்புத் தண்ணிதானே. கால் வெடிப்புல பட்டு எரிஞ்சுது கண்ணு. இன்னமும் எரியுது. அந்தப் பையனுக்கு மூக்கு, வாயி, கண்ணு எல்லாம் எரிஞ்சிருக்குமல்லோ.”

அதற்குமேல் அந்தப் படைப்பைப் பற்றிச் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் சொன்னது தகவல். அவருக்கு நடந்தது வேறு. உழுது உழுது வெடித்த குதிகாலில் உப்பு ஏறி, அந்த எரிச்சல் வழியாக யாரோ ஒருத்தரின் பிள்ளை அவருக்குள் வந்துவிட்டான். ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. காலிப்பின் கதையை நான் சொல்லியிருக்காவிட்டால் அது வெறும் கால் எரிச்சலாகவே நின்றிருக்கும். ‘கலையை ரசிக்க எதுவும் தெரிந்திருக்க வேண்டாம், சும்மா உணர்ந்தால் போதும்’ என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தெரிந்துகொள்வதால் உணர்ச்சி கெட்டுப்போகாது. காலும் வேண்டும், கதையும் வேண்டும்.

தமிழில் இதற்கு எவ்வளவோ காலம் முன்பே ஒரு சொல் உண்டாகிவிட்டது. மெய்ப்பாடு. தொல்காப்பியத்தில் ஓர் இயலுக்கே அந்தப் பெயர். உள்ளே நிகழ்வது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அதோடு விடவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்கிறது. அழுகைக்குச் சொன்ன நான்கையும் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இழிவுபடுவது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமல் போவது. காய்ந்த தோப்பை விட்டு வந்த மனுஷனுக்குக் கடைசி இரண்டும் வீட்டிலேயே இருந்தன. இழவை அந்தக் கூடத்தில் தண்ணீருக்குள் கண்டார்.

வடமொழியில் நாட்டிய சாஸ்திரம் எழுதிய பரதர் ரஸம் என்கிறார். அவரும் எட்டுத்தான் சொன்னார், ஒன்பதாவதாகச் சாந்தம் பின்னால் வந்து சேர்ந்தது. ரஸம் என்றால் சாறு. ரசனை, ரசிகர் எல்லாம் அதன் வழி வந்தவை. தமிழில் சுவை என்கிறோம். நாக்கு, சாறு, மெய் என்று நம் முன்னோர் வைத்த பெயர்கள் எல்லாம் உடம்பைச் சுற்றியே இருக்கின்றன. பள்ளிக்கூடம் மட்டும் வேறு ஒன்றைக் கேட்கிறது: ‘இப்பாடலின் மையக்கருத்து யாது?’ பன்னிரண்டு வருஷம் இந்தக் கேள்விக்கு மார்க் வாங்கிப் பழகியவர்கள், ஓர் ஓவியத்தின் முன்னால் நின்றாலும் மையக்கருத்தைத்தான் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் ஏமாற்றம். கிடைத்துவிட்டாலோ இன்னும் மோசம். ‘ஓ, போர் கூடாதுன்னு சொல்றார்’ என்று முடித்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். ஒரே வரியில் சொல்லிவிடக் கூடியது என்றால் அந்த மனுஷன் எதற்காகக் கிடங்கு முழுக்கக் கடலைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்?

பெரியப்பா வீட்டுத் திண்ணையில் ஒரு பழைய லட்சுமி படம் உண்டு. தாமரைமேல் நின்ற கோலம், பக்கத்தில் யானை. ‘நேர்ல நிக்கிற மாதிரி இருக்குது பாரு, அதாண்டா ஓவியம்’ என்பார். ரவி வர்மா வரைந்ததன் வழிவந்த படம். கிளிமானூரில் 1848ல் பிறந்தவர். எண்ணெய் வண்ணத்தில் பட்டுச்சேலையின் பளபளப்பை அவர் கொண்டுவந்ததுபோல இங்கே அதற்கு முன்னால் யாரும் கொண்டுவந்ததில்லை. 1894ல் பம்பாயில் அச்சகம் வைத்து அந்தப் படங்களை வீடு வீடாகச் சேர்த்தார். இன்றைக்கும் கண்ணை மூடி லட்சுமி, சரஸ்வதி என்று நினைத்தால் பலருக்கு வருவது அவர் கொடுத்த முகம்தான். பெரியப்பாவின் அளவுகோலை நான் மட்டமாக நினைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுவது பெரிய வித்தை. அந்த ஒரு கோலை மட்டும் வைத்துக்கொண்டால் பாதிக்கு மேல் அளக்க முடியாமல் போய்விடும், அதுதான் என் கவலை.

இன்னொன்றும் உண்டு. பார்க்கத் தெரியாதவர் அல்ல அவர். பொள்ளாச்சிச் சந்தையில் அவர் மாடு பார்ப்பதைச் சின்ன வயசில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வாங்கப்போவது ஒரு காளை. அதற்கு முன் அரை மணி நேரமாவது அதைச் சுற்றி வருவார். தூரத்தில் நின்று ஒரு பார்வை. கிட்டே போய்ப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தடவிப் பார்ப்பார். பிறகு நடக்கவிட்டுப் பின்னால் போவார். விலை பேச்சு அதற்கப்புறம்தான். அந்தக் கண்ணையும் அந்தப் பொறுமையையும் எடுத்துக்கொண்டு ஒரு சிற்பத்தின் முன்னால் நிற்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை, நான் உட்பட. ரசனை படித்தவர்கள் சொத்து என்று நாமே ஒரு வேலி போட்டுவிட்டோம். கேலரிக்குப் போகிற படித்தவர்களோ, படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாட்டைப் பார்க்கிற அளவுக்குக்கூடப் படத்தைப் பார்ப்பதில்லை.

அந்த வருஷமே பங்குனியில், மலையாள நண்பர் ஒருவர் ஒற்றப்பாலம் பக்கம் ஒரு பகவதி காவுக்கு, அதாவது அம்மன் கோவிலுக்கு, எங்களைத் தோல்பாவைக் கூத்துக்குக் கூட்டிப்போனார். பெரியப்பாவைத்தான் முதலில் கூப்பிட்டேன். கொச்சிக்குப் பிறகு எனக்கு அவர் துணை தேவைப்பட்டது.

கோவிலைப் பார்த்தபடி கூத்துமாடம் என்று தனிக் கட்டிடம். நீளமான திரை: மேலே வெள்ளைத் துணி, கீழே கறுப்பு. திரைக்குப் பின்னால் வரிசையாக இருபத்தொரு விளக்கு, தேங்காய் மூடிகளில் எண்ணெய் விட்டுத் திரி போட்டது. மான் தோலில் வெட்டிய பாவைகள். தோலில் பொடிப்பொடியாகத் துளை போட்டிருப்பார்கள். அந்தத் துளை வழியாகத்தான் ஆபரணமும் உடுப்பும் வெளிச்சமாகத் திரையில் விழும். முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில். ‘நேரில் நிற்கிற மாதிரி’ துளியும் இல்லை. ஆனால் சுடர் காற்றில் அசைய அசைய, யாரும் தொடாத பாவைகூட மூச்சு விடுகிறது. மின்விளக்கு வைத்தால் இது நடக்காது.

பாட்டு ஆரம்பித்ததும் பெரியப்பா என் கையைப் பிடித்தார். “இது நம்ம தமிழல்லோ!” ஆமாம். பாடுவது கம்பராமாயணம். மலையாளத்துக் காவுகளில், மலையாளம் பேசுகிற புலவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடிவருகிற கம்பன். பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்த மொழியில் அதற்கு விளக்கம் சொல்லி, பாவைகள் தங்களுக்குள் வாதம் பண்ணி, ஒரு பாட்டிலேயே நெடுநேரம் நிற்கிறார்கள். சில காவுகளில் இப்படி இருபத்தொரு ராத்திரி. எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், தமிழ்ப் பள்ளிக்காகவும் தமிழில் ஒரு அரசு விண்ணப்பத்துக்காகவும் மல்லுக்கட்டுகிற எங்களுக்கு, அந்த நடுச்சாமத்தில் அந்தக் குரல் என்ன கொடுத்தது என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்கு வரவில்லை.

பார்க்க எத்தனை பேர் என்கிறீர்கள்? நாங்கள் மூன்று பேர், கோவில் ஆள் ஒருவர். சில ராத்திரிகளில் அதுவும் இருக்காது என்றார் நண்பர். உள்ளே பாடுகிறவர்கள் வெளியே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்குப் பார்வையாள் எதிரே கோவிலுக்குள் இருக்கிறாள். ராமனும் ராவணனும் போரிட்ட நேரத்தில் பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாள், அதனால் அந்தப் போரைப் பார்க்க அவளுக்கு வாய்க்கவில்லை, அவளுக்காகத்தான் இந்தக் கூத்து என்பது ஐதீகம்.

எனக்கு அதில் பெரிய திறப்பு கிடைத்தது. தெய்வத்துக்குக் கதை தெரியாதா? யார் ஜெயித்தார்கள், யார் விழுந்தார்கள், எல்லாம் தெரியும். மையக்கருத்தும் தெரியும். ஆனாலும் அவளுக்குப் பார்க்க வேண்டும். வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அக்கா மகளுக்கு அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான். தெரிந்த பிறகும் ஒன்றைக் கண்ணால் பார்க்க வேண்டும், காதால் கேட்க வேண்டும் என்று கிடந்து தவிக்கிறதே, கலை அங்கேதான் பிறக்கிறது. அம்மனுக்கே அந்தத் தவிப்பு உண்டு என்று இந்த ஊர்க்காரர்கள் நம்பியிருக்கிறார்கள்.

இப்போது ஒரு மணி நேரமாகச் சுருக்கியும் மேடைகளில் கூத்து நடக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பங்கள் பிழைக்க வேண்டும், இந்தக் கூத்துக் கலைஞர் ராமச்சந்திரப் புலவருக்கு 2021ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். ஆனால் முடிந்தவர்கள் ஒரு ராத்திரியாவது மாடத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்து பாருங்கள். தூக்கம் வரும். முதுகு வலிக்கும். பாதி புரியாது. அந்த வலியும் தூக்கமும் சேர்ந்துதான் அது உங்களுக்குள் இறங்கும்.

மூன்று மணி இருக்கும். பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. பெரியப்பாவுக்கு எழுபது வயசு, ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமே என்று பயந்து, “போலாமுங்களா பெரியப்பா” என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

“இருடா. இன்னும் கும்பகர்ணன் எந்திரிக்கலை.”