பட்டையின் அடியைப் பாருங்கள்

ரொம்ப நாளாக ஒரு எரிச்சல் இருக்கிறது, இன்றைக்கு எழுதிவிடுகிறேன். பார் சார்ட், அதாவது பட்டை வரைபடம், என்று சொல்லி நமக்குக் காட்டப்படுகிற பலதும் பார் சார்ட்டே இல்லை. கலர் அடித்த விளம்பரம், அவ்வளவுதான்.

ரிசல்ட் சீசனில் வட சென்னையில் மூலக்கடை, பெரம்பூர், வியாசர்பாடி பக்கம் வந்து பாருங்கள். ட்யூஷன் சென்டர் பேனர்களில் இரண்டு பட்டைகள் நிற்கும். ஒன்று "நாங்கள்", வானத்தைத் தொடும். பக்கத்தில் "மற்றவர்கள்" என்று ஒன்று, முழங்கால் உயரம். கீழே பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படித்தால்தான் சங்கதி புரியும். அவர்கள் 94 சதவீதம், மற்றவர்கள் 91 என்று வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் மூன்றே மூன்று. ஆனால் பட்டை 90-இல் தொடங்குவதால் ஒன்றின் நீளம் நாலு, இன்னொன்றின் நீளம் ஒன்று, அதாவது நாலு மடங்கு பெரியதாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டு பேரைச் சுவருக்குப் பின்னால் நிறுத்தி, மேலே தெரிகிற நெற்றியை மட்டும் அளந்து யார் உயரம் என்று சொல்கிற கதைதான் இது.

பட்டை நம்மிடம் பேசுவது நீளத்தால்தான். அதனால் அது பூஜ்யத்திலிருந்து தொடங்கியே ஆக வேண்டும், இதில் பேரமே கிடையாது. கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை, அங்கே நாம் பார்ப்பது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற போக்கை. காய்ச்சல் சார்ட்டைப் பூஜ்யம் டிகிரியிலிருந்து போட்டால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது.

இத்தனைக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டு மார்க் வரைபடம் போட்ட எல்லோருக்கும் நினைவிருக்கும், தாளின் மேல் மூலையில் "அளவுத்திட்டம்" எழுதாமல் விட்டால் மார்க் போகும். x அச்சில் 1 செ.மீ.க்கு இத்தனை, y அச்சில் இத்தனை என்று எழுதித்தான் ஆக வேண்டும். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் இவ்வளவு கறாராகக் கேட்கிற நாம், பேனர் அடிக்கிறவரிடமும் டிவியில் ஸ்லைடு போடுகிறவரிடமும் ஏன் கேட்பதில்லை? எக்செலும் லேசுப்பட்டதில்லை, எண்கள் ஒன்றுக்கொன்று கிட்டத்தில் இருந்தால் சில சமயம் அதுவாகவே பூஜ்யத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தொடங்கிவிடும். போட்டவருக்கே தெரியாமல் சார்ட் பொய் சொல்லும்.

இந்தப் பட்டை பிறந்த கதையும் சுவாரசியமானது. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நீராவி எஞ்சின் ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக வேலை பார்த்தவர், 1786-இல் வணிகக் கணக்குகளை வரைபடங்களாகப் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். இங்கிலாந்தின் வணிகத்துக்குப் பல வருடக் கணக்கு இருந்ததால் அதைக் கோடாக வரைந்தார். ஸ்காட்லாந்துக்கு அவர் கையில் கிடைத்தது 1780-81, ஒரே ஒரு வருடக் கணக்கு. ஒரு வருடத்தை வைத்துக்கொண்டு கோடு இழுக்க முடியாதே! அதனால் 17 இடங்களோடு நடந்த ஏற்றுமதி இறக்குமதியைப் பட்டை பட்டையாகப் போட்டார். கையில் இல்லாததை இருப்பது போலக் காட்டாமல் இருந்ததில் வந்த கண்டுபிடிப்பு. (வட்டத்தைத் துண்டு போட்டுக் காட்டுகிற பை சார்ட்டையும் 1801-இல் அவர்தான் கொண்டுவந்தார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.)

பை சார்ட் மேல் எனக்கு என்ன கோபம் என்றால், கோணத்தை நம் கண் சரியாக அளக்காது. 1984-இல் கிளீவ்லேண்ட், மெக்கில் என்ற இரண்டு புள்ளியியல்காரர்கள் ஆட்களை வைத்துச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே அடிக்கோட்டில் நிற்பவற்றை ஒப்பிடுவதில்தான் நாம் குறைவாகத் தவறுகிறோம், கோணம், பரப்பு என்று போகப் போகத் தடுமாறுகிறோம். முப்பரிமாண பை சார்ட்டில் முன்னால் இருக்கிற துண்டு சும்மாவே பெரியதாகத் தெரியும். படம் போட்டுக் காட்டுவது அதைவிட மோசம். மீன் வரத்து இரண்டு மடங்கு என்று சொல்ல வஞ்சிரம் படத்தை இரண்டு மடங்கு உயரமாக்குவார்கள், அகலமும் கூடவே வளரும், பார்க்கிறவனுக்கு மீன் நாலு மடங்காகிவிடும்.

மீன் என்றதும் காசிமேடு மீன்பிடித் துறைமுகம்தான். அங்கே இறங்குகிற மீனை மாதவாரிப் பட்டையாகப் போட்டால் ஏப்ரல், மே, ஜூன் மூன்றும் குட்டையாக இருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு "தொழில் படுத்துவிட்டது" என்று ஒரு பதிவு போட்டுவிடலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஃபைபர் படகுகள் போகும், அதனால் பட்டை அடியோடு படுக்காது, அதுதான் இன்னும் குழப்பும். மே மாதத்தை மார்ச்சோடு ஒப்பிடக்கூடாது, போன வருட மே மாதத்தோடு ஒப்பிட வேண்டும். சார்ட்டில் அந்த 61 நாளுக்கு லேசாக ஒரு நிழல் அடித்து "தடைக்காலம்" என்று எழுதினால் வேலை முடிந்தது.

அடுத்து, சென்னைக்குக் குடிநீர் தருகிற ஏரிகள். 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்றவர்கள் நாம், தினமும் ஏரி நிலவரம் பார்க்கிற பழக்கம் அப்போதிருந்து விடவே இல்லை. இப்போது வாட்ஸப்பில் வருகிற ஏரி சார்ட்டுகளில் சதவீதம்தான் பட்டையாக நிற்கிறது. சோழவரம் 100 சதவீதம், புழல் 50 சதவீதம் என்று ஒரு நாள் இருந்தால் சோழவரத்துப் பட்டை இரண்டு மடங்கு உயரம். ஆனால் சோழவரத்தின் முழுக் கொள்ளளவே 1,081 மில்லியன் கன அடி. புழலின் கொள்ளளவு 3,300, அதில் பாதி என்றாலும் 1,650. குட்டைப் பட்டையில்தான் தண்ணீர் அதிகம்! எந்த ஏரி நிரம்பி வழியும், எப்போது திறப்பார்கள் என்று பார்க்கச் சதவீதம் சரி. மே மாதம் வரை குழாயில் தண்ணீர் வருமா என்பதுதான் கேள்வி என்றால் மில்லியன் கன அடிதான் போட வேண்டும். கேள்வியை முடிவு செய்யாமல் சார்ட் போட உட்காருகிறவர்களை என்ன சொல்வது.

எனக்கு ரொம்ப உறுத்துவது காற்றுதான். பி.எம். 2.5 என்கிற நுண்துகளுக்கு இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. மணலியில் ஒரு நாள் 45 என்று வந்தால், 60-இல் கோடு போட்ட சார்ட்டில் பட்டை கோட்டுக்குக் கீழே அடக்கமாக நிற்கும். அதே பட்டையை 15-இல் கோடு போட்ட சார்ட்டில் வையுங்கள், கோட்டைப் போல மூன்று மடங்கு உயரத்துக்குப் போகும். பட்டையில் பொய் இல்லை, பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது, கோட்டை எங்கே போட்டோம் என்பதுதான் வித்தியாசம். இரண்டு கோட்டையும் போடுங்கள் என்கிறேன், மை ஒன்றும் தீர்ந்துவிடாது. அந்த 45-கூட 24 மணி நேர சராசரி. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி ஜன்னலைச் சாத்தியது அந்த ஒற்றைப் பட்டைக்குள் கரைந்து போயிருக்கும். மணி வாரியாகப் போட்டால் தெரியும்.

அதைவிட, "சென்னை" என்று ஒரே பட்டை போட்டுவிட்டு டெல்லிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள் பாருங்கள், நம்முடையது குட்டையாக இருக்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணூரையும், கொடுங்கையூர் குப்பைக்கிடங்கு ஓரத்துத் தெருக்களையும், அடையாறையும் சேர்த்துக் கலக்கி எடுத்த சராசரியில் யார் வீடு இருக்கிறது? மணலிக்குத் தனிப் பட்டை, ஆலந்தூருக்குத் தனிப் பட்டை, ஒரே அளவுத்திட்டம், பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள். கருவி இல்லாத இடங்கள் இருக்கும். அவற்றைச் சத்தமில்லாமல் சார்ட்டிலிருந்து எடுத்துவிடாதீர்கள், அந்தப் பெயரையும் எழுதி, பட்டை வர வேண்டிய இடத்தைக் காலியாக விட்டு, "இங்கே அளக்கவில்லை" என்று போடுங்கள். வார்டு கூட்டத்துக்குப் போகும்போது கையில் எடுத்துப் போக எனக்கு அந்தச் சார்ட் வேண்டும்.