காத்தாடி நிற்கிறது என்று சிரிப்பவர்களுக்கு

நேற்றிலிருந்து ஆளாளுக்கு அந்த வீடியோவை எனக்கு அனுப்புகிறீர்கள். காவல்கிணறு பக்கம் ஒருவர் காரை நிறுத்தி, அசையாத காற்றாலைக் காத்தாடிகளைக் காட்டி, 'ஆடிக்காத்துலயும் சுத்தல, தண்டச்செலவு' என்று சிரிக்கிறாரே, அதுதான்.

காற்று இல்லாமல் அவை நிற்கவில்லை. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதே வீடியோவில் பின்னால் பனை ஓலை பேயாட்டம் ஆடுவதைக் கவனித்தீர்களா? மின்சாரத்தை ஏற்றிக்கொள்ள லைன் போதாவிட்டாலோ, அந்த நேரத்தில் தேவை குறைந்தாலோ 'மெஷினை நிறுத்து' என்று போன் வரும். என் மச்சான் பணகுடிப் பக்கம் காற்றாலை ஆபரேட்டர். போன் வந்தால் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவான். இறக்கைகள் விளிம்பைக் காற்றுக்குக் காட்டித் திரும்பி, மெல்ல நின்றுவிடும். 'நல்ல காத்து மச்சான், வீணாப் போகுது' என்பான். வயிறு எரியும்.

2030க்குள் நிலக்கரி, எரிவாயு சாராத மின்திறன் 500 ஜிகாவாட் என்று 2021ல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் நம் நாடு அறிவித்தது. நல்ல இலக்கு, வேண்டிய இலக்கு. வளர்கிற நாட்டுக்குக் கரண்ட் வேண்டும். ஆனால் காத்தாடியும் சோலாரும் சீக்கிரம் எழும்பிவிடும். உயர் அழுத்த லைன் போட அதைவிடக் காலம் பிடிக்கும். வாய்க்கால் வெட்டாமல் அணை கட்டுகிற வேலை இது. தப்பு காத்தாடியிடம் இல்லை, லைன் இல்லாததில் இருக்கிறது.

'அண்ணாச்சி, வருசம் பூரா காத்து அடிக்குமா?' என்பீர்கள். சரி, அடிக்காது. மே முதல் செப்டம்பர் வரைதான் சீசன். அதனால்தான் பேட்டரியும், நீலகிரியில் குந்தாவில் கட்டுகிற மாதிரி, மிஞ்சுகிற கரண்டில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுக்கிற நீரேற்று நிலையங்களும் வேண்டும் என்கிறோம். 'காத்தாடி மழையை விரட்டுது' என்பவர்களுக்கு ஒன்றுதான்: ராதாபுரம் பக்கம் மலைக்குப் பின்னால் கிடக்கிற மழைமறைவு பூமி. தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் 1986ல் மாநிலத்தின் முதல் காற்றாலைகள் வருவதற்கு முன்பும் இங்கே வறட்சிதான்.

எங்கள் அப்பா புஞ்சையைக் காற்றாலைக்காரர்களுக்குக் கொடுத்தவர். உடைமரம் தவிர எதுவும் முளைக்காது என்று சொல்லித்தான் புரோக்கர் விலையைக் குறைத்தார். ஆடு மேய்த்த தடத்தில் இப்போது வேலி. மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கிறது என்று மேடையில் பெருமை பேசுகிறோமே, அதன் அடியில் இருப்பது இப்படிப்பட்ட நிலங்கள்தான். அதைக் கொடுத்தவர்கள் ஊரில் சாயங்காலம் கரண்ட் போகிறது. அதற்கு ஒருவரும் வீடியோ எடுக்கவில்லை.

இனி அந்த வீடியோவை எனக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியே தீருவேன் என்றால், புது லைனுக்கு ஏன் இத்தனை தாமதம் என்று உங்கள் எம்எல்ஏவிடம் கேளுங்கள். அவர் சொல்கிற பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.