விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும்
கொரோனா காலத்தில் தவறிய தடுப்பூசிகளைப் போட்டு முடிக்க, உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் கவி (Gavi) என்கிற தடுப்பூசிக் கூட்டமைப்பும் சேர்ந்து 2023-ல் நாடுகளுக்கு உதவ ஆரம்பித்ததை ஒரு கட்டுரையில் படித்தேன். 2019-21க்குள் 6 கோடியே 70 லட்சம் பிள்ளைகளுக்குத் தவணை தவறியதாம். என் பேரனுக்கும் அப்படித்தான் தவறியது.

எங்களுக்குச் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். பேரன் பிறந்தது 2020 ஜனவரி கடைசியில். ஆறாவது வாரத்து பென்டாவேலன்ட், அதாவது ஐந்து நோய்களுக்கான ஊசி, ஆயிற்று. பத்தாவது வாரம் வருவதற்குள் ஊரடங்கு. பஸ் இல்லை, மகள் பயத்தில் வளவை (வீட்டின் உள்கட்டை) விட்டு முகப்புக்குக்கூடப் பிள்ளையைத் தூக்கி வரவில்லை. ஆகஸ்டில் ஒரு தனியார் கிளினிக்கில் கேட்டால், "முதலிலிருந்துதான் போடணும்" என்றார்கள். நல்லவேளை, கிராம சுகாதார செவிலியர் வந்தார். பெட்டகத்திலிருந்த தடுப்பூசி அட்டையை எடுத்துக் கொடுத்தோம், ஓரத்தில் எண்ணெய்க்கறை. விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "முதல் ஊசி வீணாகலம்மா, விட்டதிலேருந்து போடலாம். ரெண்டுக்கும் நடுவுல நாலு வாரம் இருந்தாப் போதும்" என்றார். அப்படியே புதன்கிழமைகளில் போட்டு முடித்தோம்.

கட்டுரையில் நிதி, மருந்து, குளிர்பதனப் பெட்டி எல்லாம் வருகிறது. வேண்டியதுதான். ஆனால் "நாள் கடந்துபோச்சு, இனிமே போட மாட்டாங்க" என்று பேசாமல் இருந்துவிடும் வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. லேட்டாக வந்ததற்குத் திட்டுவார்களோ என்கிற கூச்சம் வேறு. எங்கள் அப்பத்தா காலத்தில் மணல்வாரி (தட்டம்மை) வந்தால் வேப்பிலை கட்டிக் காத்திருந்தார்கள், அன்றைக்கு ஊசி இல்லை. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். அட்டை தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.